தையல் வகுப்பில் ஐந்து கையெழுத்து

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள், பிள்ளைகளே. கால்களைப் போர்த்திக்கொள்ளுங்கள். ஒரு புதன்கிழமையின் கதை சொல்கிறேன். சின்னக் கதைதான். எனக்குத்தான் இன்னும் மனம் ஆறவில்லை.

சுகிர்தா படிவத்தை மேசையில் வைத்தாள்.

எட்டுப் பெண்களும் அதைப் பார்த்தார்கள். ஒருவரும் தொடவில்லை.

கனடாவின் ஸ்காபரோவில், ஒரு பலசரக்குக் கடைக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்ட். கதவில் ‘தையல் வகுப்பு’ என்று ஒட்டியிருந்தது. உள்ளே நான்கு தையல் மெஷின்கள். ஓடுவது ஒன்று.

ஒட்டியவள் சுகிர்தா. அங்கே ஒரு சிறிய அமைப்பை நடத்துகிறவள். முதலில் ‘மனநல ஆதரவுக் குழு’ என்றுதான் ஒட்டினாள். நாலு மாதம் ஈ காக்கை வரவில்லை. தாளை மாற்றினாள். அடுத்த புதனே ஆறு பேர், ஆளுக்கொரு துணியோடு.

துணி நல்லது, பிள்ளைகளே. குனிந்து தைக்கும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. ஓரம் மடித்தபடியே ஒருத்தி, கடலில் விட்டுவந்த தம்பியைப் பற்றிச் சொன்னாள். இன்னொருத்தி, பனி அள்ளும் வண்டிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் போய்ப் படுப்பதைச் சொன்னாள். படித்த ஆலோசகர் ஒருவரும் ஊசியோடு நடுவில் இருப்பார். அவர் தைத்தது ஒன்றும் தேறியதில்லை.

இதையெல்லாம் ஆஸ்பத்திரியில் சொல்லத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சுகிர்தா அரசாங்க அலுவலகப் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். அந்த அலைச்சலுக்கும் இந்த அறைக்கும் சேர்த்து ஓர் அறக்கட்டளை நிதி தந்தது.

வருட அறிக்கையோடு வருகைப் பதிவேட்டின் பிரதியை அனுப்பினாள். பக்கத்துக்குப் பக்கம், தையல் வகுப்பு. தையல் வகுப்பு.

அவளுக்கு அது உறைக்கவே இல்லை. அப்படிச் சொல்லியே பழகிவிட்டாள்.

“நாங்கள் தையலுக்கு நிதி தரவில்லையே,” என்றார் அன்று நேரில் வந்த அறக்கட்டளையின் பெண் அதிகாரி, ஆங்கிலத்தில்.

கெட்டவர் இல்லை. சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். ‘மனநலச் சேவை பெற்றேன்’ என்று ஐந்து பேர் இன்றைக்குக் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் நிதி நின்றுவிடும்.

சுகிர்தா அதைத் தமிழில் சொன்னாள்.

பூரணமக்கா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். “எனக்கு விசர், பைத்தியம் எண்டு நானே எழுதிக் குடுக்கிறதோ? என்ர மருமகள் இவ்வளவு நாளும் இந்த ஒரு கடதாசியைத்தானே தேடித் திரியிறாள்!”

சிரித்தார்கள். சுகிர்தாவுக்கும் வந்தது. வந்த வேகத்திலேயே போனது.

ஜெயந்தினி சிரிக்கவில்லை. அவளுடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை.

“அக்கா, இது என்ர கேஸ் ஃபைலுக்குள்ள போகாது எண்டு சத்தியம் பண்ணுவியளோ?”

“போகாது, தங்கச்சி.”

“சத்தியம்?”

சுகிர்தா படிவத்தை இன்னொரு தடவை வாசித்தாள்.

அதிகாரியிடம் திரும்பினாள். பெயருக்குப் பதில் இலக்கம் போடலாமா? படிவத்தில் அதற்கு இடமில்லை. என் கையெழுத்து? நானும் இதே கதிரையில் அழுதிருக்கிறேன். பணியாளர் கையெழுத்து சேராது.

“அப்படியென்றால் பனிக்குள் இரண்டு பஸ் மாறி இவர்கள் எதற்கு வருகிறார்கள்? ஓரம் அடிக்கவா?”

குரல் உயர்ந்துவிட்டது. அதிகாரியின் முகம் சிவந்தது. “எனக்குப் புரிகிறது,” என்றார். படிவம் அப்படியே கிடந்தது.

பூரணமக்கா அதை இழுத்தெடுத்தார். “கொண்டா பேனையை. இந்த அறையும் இல்லாட்டி நான் எங்க போறது? மருமகளோட டிவி பாக்கவோ?”

ஒன்று. பின்னாலே இன்னும் மூன்று பேர்.

அதோடு பேனா நின்றுவிட்டது. ஜெயந்தினி தலை நிமிரவில்லை. ஒருத்தி குளியலறைக்குப் போனவள் திரும்பவில்லை. ஒருத்தி நூல் கோத்தாள், கோத்தாள், கோத்துக்கொண்டேயிருந்தாள்.

நான்கு.

அப்போது மூலையிலிருந்து ஒரு கை நீண்டது.

ஏழு மாதமாக வருகிறவள். தைப்பாள். பிரிப்பாள். திரும்பவும் தைப்பாள். இதுவரை ஒரு சொல் பேசியதில்லை.

பேனாவைப் பிடித்தாள். கோட்டின் மேல் முனையை வைத்தாள். எடுத்தாள்.

“எந்தப் பேரைப் போட?”

எல்லா ஊசிகளும் நின்றன.

“நான் வந்த பாஸ்போட்டில இருந்த பேரையோ? அம்மா வைச்ச பேரையோ?”

“என்ன கேட்கிறார்?” என்றார் அதிகாரி.

ஏதோ ஒரு பெயரைப் போடச் சொன்னால் போதும். ஐந்து முடிந்துவிடும். அறை இருக்கும். அரசாங்கப் படிகளில் இன்னும் ஒரு வருடம் ஏறலாம். இவளும் பழையபடி குனிந்துகொள்வாள்.

சுகிர்தாவுக்கு அது தெரியும். அதனால்தான் அவளுக்கு அப்படியொரு கோபம். யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார்.

சுகிர்தா அந்தக் கையிலிருந்து பேனாவை மெதுவாக வாங்கினாள். படிவத்தை ஓரமாகத் தள்ளினாள். கதிரையை இழுத்து, முழங்காலோடு முழங்கால் முட்ட இருந்தாள்.

“அம்மா என்ன பேர் வைச்சவ?”

அவள் சொன்னாள்.

பிறகு, யார் அந்தப் பெயரைச் சொல்லிக் கடைசியாகக் கூப்பிட்டார்கள் என்று சொல்லத் தொடங்கினாள்.

அதிகாரி எழுந்துபோய்ச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். படிவத்தில் நான்கு கையெழுத்துதான் இருந்தது.

நல்லாயிருங்கள், பிள்ளைகளே. உங்கள் வீட்டில் யாருக்காவது வாய் திறக்கிற நாள் வந்தால், அன்றைக்கு வேறு வேலை ஒன்றும் இல்லாத ஓர் ஆள் பக்கத்தில் இருக்கட்டும்.