பூட்டிக்கொண்ட ஸ்க்ரீன்கள்

"யாருடா இந்த வேலையைப் பண்ணது?"

அப்பாதுரை போட்ட சத்தத்தில் எலெக்ட்ரானிக் சிட்டியின் அந்த மூணாவது மாடி ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

கத்தாமல் என்ன செய்வார்? டீம் லீடர். லண்டன் கிளையன்ட் பக்கத்தில் உட்கார்ந்து டெமோ பார்த்துக்கொண்டிருக்கும்போது ஸ்க்ரீன் பொட்டென்று பூட்டிக்கொண்டது. 'எழுந்து கொஞ்சம் நடங்கள்' என்று நடுவில் ஒரு வாசகம் வேறு. அவருக்கு மட்டுமில்லை, ஹாலில் அத்தனை பேருக்கும்.

"ஏனாயித்து குரு?" என்று, என்னாச்சென்று பக்கத்து சீட்காரனிடம் கன்னடத்தில் கேட்டுச் சிரித்துக்கொண்டே மஞ்சுநாத் காபி மெஷினுக்குக் கிளம்பினான். ஆளாளுக்கு எழுந்தார்கள். கதவோர சீட் இளவேனிலும் கூட்டத்தோடு வெளியே போனாள்.

காலையிலிருந்து மணிக்கு ஒரு தரம் இதே கூத்து. யார் லாகின் பண்ணி மெஷினுக்குள் நுழைந்தாலும், ஸ்க்ரீனைப் பூட்டும் அந்த ப்ரோகிராம் தானாக ஓட ஆரம்பித்துவிடுகிறது. நிறுத்தவும் முடியவில்லை.

ஆபீஸ் மெஷின்களைப் பார்த்துக்கொள்வது யூனிஸ். அவளை எல்லார் முன்னாலும் நிற்க வைத்தார் அப்பாதுரை.

"நீதானே?"

"ஆமா சார்."

காரணத்தை எல்லார் முன்னாலும் சொல்ல மறுத்தாள். அவருக்கு இன்னும் ஏறியது. சர்வர் ரூமுக்கு இழுத்துப் போகாத குறையாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"தெரியாமப் பண்ணிட்டேன்னு மட்டும் சொல்லாத. நம்ம லினக்ஸ் மெஷின்ல பாதிப் பேருக்கு க்னோம் டெஸ்க்டாப், பாதிப் பேருக்கு கேடிஇ டெஸ்க்டாப். ஒண்ணுல தானா ஓடுறது இன்னொண்ணுல ஓடாது. டீம் மெசேஜ் ப்ரோகிராம் ரெண்டுலயும் தானா வரணும்னு போன மாசம் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். என்ன சொன்ன? 'கேடிஇ-ல வர மாட்டேங்குது சார்'னு. இப்ப இந்தக் கண்றாவி மட்டும் ரெண்டுலயும் ஜோரா வருது! திமிருதானே?"

"அப்போ எனக்குத் தெரியாது சார். இதுக்காகத்தான் உக்காந்து கத்துக்கிட்டேன். உங்க மெசேஜ் ப்ரோகிராமும் இன்னைக்கு ரெண்டுலயும் வருது. நீங்கதான் பாக்கல."

"பேச்சை மாத்தாத! கிளையன்ட் முன்னாடி என் மானம் போச்சு. காரணத்தைச் சொல்லு. இல்லேன்னா ஐடி கார்டைக் கழட்டி வெச்சுட்டுக் கிளம்பு."

யூனிஸுக்கும் சுர்ரென்று வந்தது.

"சொல்றேன். யாருன்னு மட்டும் கேக்கக் கூடாது. நம்ம ஹால்ல ஒருத்திக்கு உடம்பு சரியில்ல. அடக்கவே கூடாது, மணிக்கு ஒரு தடவை பாத்ரூம் போயே ஆகணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"போகட்டுமே! யாரு வேணாம்னா?"

"போனாளே, போன வாரம். ரெண்டாவது தடவை எழுந்ததும் நீங்க என்ன சொன்னீங்க? 'பேசாம உன் கம்ப்யூட்டரை பாத்ரூமுக்கே மாத்திடவா'ன்னு. ஹாலே சிரிச்சுது. யாருக்குச் சொன்னீங்கன்னு உங்களுக்கே ஞாபகம் இருக்காது. எழுந்த பொண்ணுங்க எல்லாருக்கும் அதைத்தானே சொல்றீங்க! அன்னையிலேர்ந்து அவ வாயில தண்ணியே படல சார். நேத்து லேடீஸ் ரூம்ல வலி தாங்காம சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு அழறா."

அப்பாதுரையின் குரல் இறங்கியது. கோபம் இறங்கவில்லை.

"சரி, அவ மெஷின்ல மட்டும் போட்டுத் தொலைச்சிருக்கலாமில்ல? அத்தனை பேர் வேலையையும் எதுக்குக் கெடுத்த?"

யூனிஸ் கழுத்திலிருந்த ஐடி கார்டைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"அவ மட்டும் எழுந்தா அவளைத் திட்டுவீங்க. எல்லாரும் எழுந்தா என்னைத்தானே சார் திட்டுவீங்க?"