மூன்றாவது வரியில் ஒரு நட்சத்திரம்

அந்த ஒரு வரியை எழுதும்போது நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன்?

ஆசிரியர் அறைக்கு வெளியே நின்றபடி அவள் இதையேதான் திரும்பத் திரும்பத் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே மேஜைமேல் முப்பத்தொரு விடைத்தாள்கள். முப்பத்தொன்றிலும் கடைசிக் கணக்கில், மூன்றாவது வரியில், ஒரே தப்பு.

மைனஸ் எண்ணால் வகுத்தால் 'சிறியது' குறி 'பெரியது' குறியாகத் திரும்ப வேண்டும். ஒருவரும் திருப்பவில்லை. மொத்த வகுப்பிலும் திருப்பியிருந்தது அவள் ஒருத்திதான்.

"தப்பு ஒரே மாதிரி வரலாம்." கணக்கு மிஸ்ஸின் குரல் கதவிடுக்கு வழியாக வந்தது. "பக்கத்துல போட்ட நட்சத்திரமுமா ஒரே மாதிரி வரும்? துண்டுச் சீட்டு சுத்தியிருக்கு. அத்தனை பேருக்கும் பூஜ்யம். அறிவியல் பிரிவை மறந்துடுங்க."

கதவைத் திறந்துகொண்டு வகுப்புத் தலைவி வந்தாள். எல்லோருக்கும் அவள் கேப்டன். அழுதழுது மூக்கு சிவந்திருந்தது. இவள் கையைப் பிடித்து மாடிப்படி ஓரத்துக்கு இழுத்துப் போனாள்.

"டீச்சரம்மா, நீதாண்டி எங்களைக் காப்பாத்தணும்."

டீச்சரம்மா என்பது வகுப்பு வைத்த பட்டப்பெயர். ஒவ்வொரு தேர்வுக்கும் முந்தின சாயங்காலம், அம்மாவின் செல்போனை அகராதிமேல் சாய்த்துவைத்து, புத்தகக் கணக்குகளைப் போட்டுக் காட்டி வீடியோ எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவாள். வழுக்குகிற வரிக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு நட்சத்திரம். அந்த வரியை இரண்டு முறை சரிபார்க்காமல் அடுத்ததற்குப் போகமாட்டாள். மிஸ் நடத்தும்போது தூங்கியவர்களெல்லாம் நட்சத்திரத்தையும் சேர்த்தே மனப்பாடம் செய்து தேறினார்கள்.

ஆரம்பத்தில் வீடியோவில் முகமும் தெரிந்தது. 'மூணு' என்று சொல்ல வாய் குவிந்து, கண் பாதி சொருகிய ஒரு நொடியை யாரோ வெட்டி ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள். யாரோ என்ன, கேப்டன்தான். காலை வணக்கத்துக்கு அந்த முகம், பிறந்தநாளுக்கு அந்த முகம், ஆசிரியர் வரவில்லை என்றால் அதற்கும் அந்த முகம். முப்பத்தொரு பேரும் அனுப்பினார்கள். அதற்குப் பிறகு வீடியோவில் கை மட்டும்தான்.

"உன் வீடியோவுல அப்படித்தான் இருந்துச்சுன்னு எவ்வளவோ சொல்லிட்டோம். காட்டுங்கறாங்க. குழுவுல தேடினா ஒண்ணுமே இல்ல."

"மறுநாளே எல்லாம் மறையுற மாதிரி வச்சது நீதானே?"

கேப்டன் தலை குனிந்துகொண்டாள். ஸ்டிக்கர் விவகாரம் மிஸ் காதுக்குப் போனாலும் அத்தாட்சி இருக்கக் கூடாது என்று அவள் செய்த ஏற்பாடு அது.

"உங்க அம்மா ஃபோன்ல இருக்குமே?"

"இடம் பத்தலைன்னு அழிச்சுட்டேன்."

"சரி விடு. நீ வாயால சொன்னா போதும். உன்னை மிஸ் நம்புவாங்க." கேப்டன் அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "அந்த ஸ்டிக்கரை இன்னிக்கே எல்லார்கிட்டயும் எடுக்கச் சொல்றேன். சத்தியமா. டாக்டர் சீட்டுன்னு எங்கப்பா ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கார். அறிவியல் பிரிவு கிடைக்கலைன்னா நான் எந்த மூஞ்சியோட வீட்டுக்குப் போவேன்?"

எந்த மூஞ்சியோடு.

அந்தச் சாயங்காலம் அவளுக்கு நன்றாகவே நினைவிருந்தது. எங்கோ குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மூன்று முறை எடுக்க வேண்டியிருந்தது. முதல் இரண்டிலும் மூன்றாவது வரி மனதுக்குப் பிடித்தபடி வரவில்லை.

பைக்குள் சாவியைத் துழாவுவதுபோல், கொஞ்சமாவது இரக்கம் மிச்சமிருக்கிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். வாய் குவிந்து, கண் சொருகிய ஒரு முகம்தான் தட்டுப்பட்டது.

உள்ளேயிருந்து மிஸ் அவளைக் கூப்பிட்டார்.

"ஒரே ஒரு வார்த்தைடி." கேப்டன் கெஞ்சினாள். "கை தவறி அப்படி எழுதிட்டேன் மிஸ்னு சொல்லிடு. யாருக்குத்தான் கை தவறாது?"

அவள் தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"கை தவறலையே, கேப்டன்."