டிரிப்ஸ் ஓடிய கை

ஊசி இறங்கும்போதே அவர் கத்தினார்.

"ஆமா!"

வேண்டாம் என்றுதான் கத்தினார். மூளையில் ரத்தக் குழாய் அடைத்து நான்கு நாள். வலது கை போயிற்று. பேச்சும் போயிற்று. எந்த வார்த்தையைத் தேடினாலும் இந்த ஒன்றுதான் வந்து நிற்கிறது.

இடது கையில் டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. அதே கையில், அதற்குச் சற்று மேலே, ஜெசிந்தா ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவருடைய லேபில் ஒன்பது வருடமாக வேலை பார்ப்பவள். முதலில் வலது கையைத்தான் தொட்டாள். அவர் மனைவி வடிவு தடுத்துவிட்டாள்.

"அந்தக் கையில குத்தாதம்மா. பாவம், அதுவே செத்துக் கிடக்கு."

ஜெசிந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கலக்கத்தில் டிரிப்ஸை நிறுத்த மறந்தாள்.

ரத்தத்தோடு உப்புத் தண்ணீரும் குழாயில் ஏறியது. இந்தத் தப்புக்காக இருபத்தாறு வருடத்தில் எத்தனை பேரைத் திட்டியிருப்பார்!

செத்த மூளை நரம்பிலிருந்து ரத்தத்துக்குள் புரதம் எவ்வளவு கசிந்திருக்கிறது என்று பார்க்கும் புதுப் பரிசோதனை. அளவு கூடினால் தேறுவது கஷ்டம். குறைந்தால் நல்லது.

தண்ணீர் கலந்தால் எதுவும் குறையும்.

மறுநாள் காலை டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"ரொம்பக் கம்மியா இருக்கும்மா. மூணு மாசத்துல எழுந்து நடப்பார். பேச்சும் வந்துடும்."

பொய். அந்த எண் பொய். அவர் தலையணையில் தலையை முட்டிக்கொண்டார்.

"ஆமா. ஆமா. ஆமா."

"பாருங்க டாக்டர், அவருக்கே தெரியுது" என்றாள் வடிவு.

அவளை அறைய வேண்டும்போல் இருந்தது. அழுகையும் வந்தது. தெரிந்ததெல்லாம் உள்ளேயே கிடந்தது. வெளியே வர ஒரு வழியும் இல்லை.

நான்கு நாளாகக் காபியைத் தவிர எதுவும் தொண்டையில் இறங்காதவள், பொட்டலத்தைப் பிரித்து நாலு இட்லி தின்றாள். சட்னியை வழித்து விரலை நக்கினாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள்.

அந்த நேரம் பார்த்து ஜெசிந்தா உள்ளே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. கையில் புதுக் குழாய்.

அவர் காதருகே குனிந்தாள்.

"அண்ணே, நேத்து டிரிப்ஸை நிறுத்தாமலே எடுத்துட்டேனா? ஒரே சந்தேகமா இருக்கு. அதை மட்டும் சொல்லுங்க. இப்பவே மறுபடி எடுத்துடறேன்."

ஐந்து நாளில் முதல்முறையாக, வாயில் இருக்கும் வார்த்தைக்கு ஏற்ற கேள்வி.

வராந்தாவில் வடிவு மகளிடம் பேசுவது கேட்டது.

"மூணே மாசம்டி. அப்பா நடந்தே வந்து உன் பிள்ளையைத் தூக்குவாரு."

சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று!

"அண்ணே?" என்றாள் ஜெசிந்தா.

அவர் இடது கையைத் தூக்கி வாயை இறுகப் பொத்திக்கொண்டார்.