கடைசி வரி கண்டக்டர்

இதை எனக்குச் சொன்னது என் தம்பி பெண்டாட்டி. போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனில், மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள்.

"அண்ணி, சைபர்! போர்டுல சைபர் போட்டுட்டேன்!"

தையல்காரி அவள். டாக்டர் எழுதிக் கொடுத்த நரம்பு மாத்திரையைப் பதினோரு வருஷமாக விழுங்கினாள். சட்டென்று நிறுத்தினால் ஆபத்து. கொஞ்சம் குறைத்தாலே கை நடுங்கும், ஊசியில் நூல் கோக்க வராது. நான் அவளுக்காகக் கும்பிடாத நாளில்லை.

இப்படி மாட்டிக்கொண்டவர்களே சேர்ந்து, வாராவாரம் ஒரு நூலகத்தின் பின்னறையில் கூடுவார்கள். கூட்டத்தை நடத்துவது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு நர்ஸம்மா. டாக்டரிடம் சொல்லிவிட்டு, மாத்திரையைப் பிளேடால் சுரண்டிச் சுரண்டி, குட்டித் தராசில் நிறுத்துக் குறைக்க வேண்டும். யார் எவ்வளவில் நிற்கிறார்கள் என்று போர்டில் எழுதுவார்கள். அதிகம் விழுங்குகிறவர் கீழே.

அந்தக் கடைசி வரி எப்போதும் பஸ் கண்டக்டருக்குத்தான். அதற்கு மேல் வரி இவள்.

"மூணு தடவை விட்டுட்டு ஓடப் பார்த்தேன் அண்ணி. 'இந்த மனுஷனே கூச்சப்படாம வர்றாரு, எனக்கென்ன கேடு'ன்னு திரும்ப உட்கார்ந்தேன்."

"சரி, சைபர் போட்டதும்?"

"ஒரே விசில்! என் வாய் சும்மா இருக்குமா? 'என்னண்ணே, ரெண்டு வருஷமா ஒன்றரை மாத்திரையிலயே நிக்கிறீங்க. வண்டி நகருமா, இறங்கித் தள்ளணுமா?'ன்னு கேட்டுட்டேன்."

அறையே சிரித்ததாம். கண்டக்டரும் சிரித்துக்கொண்டே எழுந்து போய், தன் வரியை அழித்துச் சைபர் போட்டாராம்.

இவள் பதறிப்போனாள். "ஐயய்யோ, ஒரே நாள்ல நிறுத்தக் கூடாதுண்ணே! விளையாட்டுக்குச் சொன்னேன்!"

"ஒரே நாளா?" என்றாராம் நர்ஸம்மா. "அவர் நிறுத்தி ஆறு வருஷமாச்சு."

"அப்ப அந்த ஒன்றரை?"

"கடைசி வரியில இருக்கறவங்கதாம்மா வெக்கப்பட்டு ஓடிடறாங்க," என்றாராம் கண்டக்டர். "உனக்குக் கீழ ஒரு ஆள் வேணுமில்ல?"

நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டேன்.

"இருங்க அண்ணி, இன்னும் முடியலை!"

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டிக்கொண்டு ஒரு சமையல்காரர் வந்தாராம். புது ஆள். "நான் ரெண்டு மாத்திரைங்க," என்று தலையைக் குனிந்துகொண்டாராம்.

கண்டக்டர் அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். போர்டில் தன் சைபரை அழித்துவிட்டு, 'இரண்டரை' என்று எழுதினார்.

நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். அந்தச் சமையல்காரர் காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.