பன்னிரண்டு கற்கள்

ஜீப் ஹார்ன் அலறியதும் கடத்தூர்ப் புளிக் கொட்டகையில் சுத்தியல்கள் சட்டென்று நிற்கின்றன. கொட்டை தட்டும் பன்னிரண்டு பெண்களில் ஆறு பேர் எழுந்து மூட்டைகளுக்குப் பின்னால் ஓடுகிறார்கள். "கோகிலா, இருமித் தொலைச்சுடாதடி. மாட்டுனா உங்க ஆறு பேருக்கும் நாளைக்கு வேல இல்ல," என்கிறாள் கருப்பி. மிச்சமிருப்பவர்கள் மறுபடி தட்டத் தொடங்கும்போது தொழிலாளர் துறை அதிகாரி நிர்மலாதேவி உள்ளே வருகிறார். தகர ஓட்டை வழியே இறங்கும் வெயிலில் புளித்தூசி மிதக்கிறது. பதிவேட்டில் ஆறு பெயர்கள். ஆறு பேருக்கும் அரசு உயர்த்திய புதுக் கூலி. திருப்தியாக அதை மூடுகிறவர் தரையைப் பார்க்கிறார். அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த தட்டுக்கற்கள், வரிசையாகப் பன்னிரண்டு. எல்லாக் கற்களையும் சுற்றி இப்போதுதான் தெறித்த கொட்டைகள். மூட்டைக்குப் பின்னால் ஓர் இருமல் பாதியில் அமுங்குகிறது.

"மீதிப் பேர் எங்கம்மா? முதலாளி ஒளியச் சொன்னாரா?"

கருப்பி சுத்தியலைக் கீழே வைக்கிறாள்.

"இல்லீங்க மேடம், நாங்களேதான். கூலி ஏறுனதும் ஆறு பேரு போதும்னுட்டாருங்க. அந்த ஆறு கூலியத்தான் பன்னண்டு பேரும் பங்கு போட்டுக்கறோம்."