ஏழாம் தெருக் காடு

நோட்டீஸை மேசைமேல் ஓங்கி அடித்து வைத்தாள் தையல்காரி. அதிகாரியின் டீ கிளாஸ் ஒரு குதி குதித்து அடங்கியது.

“நாங்க காட்டை ஆக்கிரமிச்சுக் குடியிருக்கோமாம். ஏழாம் தெருவுல எந்த மூலையில சார் காடு இருக்கு? சொல்லுங்க, நானும் போய்ப் பார்த்துட்டு வர்றேன்.”

பின்னால் அவள் தங்கை நின்றாள். இதே வனத்துறை அலுவலகத்தில்தான், இரண்டு மாடி கீழே, வரைபடப் பிரிவில் அவளுக்கு வேலை. நோட்டீஸ் வந்த நாளிலிருந்து, “நீ வராதேக்கா, நான் பார்த்துக்கறேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பார்த்துக்கொள்கிறேன் என்பவர்களை நம்பி உட்கார்ந்தால் கூரை மிஞ்சாது. இன்று காலை அக்காவே கிளம்பி வந்து, சீட்டில் இருந்தவளைக் கையைப் பிடித்து மாடியேற்றிவிட்டாள்.

இப்போது அந்தக் கை அக்காவின் தோளில் இருந்தது. சத்தம் போடாதே என்று அழுத்தியது.

பாவம் சின்னவள், வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறாள்.

பதினெட்டு வருடம் ஊரார் சட்டைக்கெல்லாம் காஜா எடுத்துக் கட்டிய வீடு. முப்பது நாளில் காலி செய்ய வேண்டுமாம். அதில் நான்கு நாள் ஏற்கெனவே போய்விட்டது.

அதிகாரி கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். முனையிலிருந்து முனைவரை தெரு முழுக்கப் பச்சை. மாவு மில் பச்சை, முடிவெட்டும் கடை பச்சை, அவள் மொட்டை மாடி பச்சை.

நாட்டில் எவ்வளவு காடு இருக்கிறது என்று உலகத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டுமாம். ஒரு வருடம் கொஞ்சம் குறைந்ததாம். குறைந்ததை அங்கே இங்கே தேடி நிரப்பினார்களாம். வானத்திலிருந்து பார்த்தால் போதுமான நிழல் தெரிய வேண்டும், அவ்வளவுதான், அது காடு.

நிழல் இல்லாமல் என்ன? வெயில் தாங்காமல் தெருக்காரர்கள் இரண்டு பக்கமும் மரம் வைத்தார்கள். குடம் குடமாய்ச் சுமந்து ஊற்றினார்கள். மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பார்கள். இங்கே மரம் வைத்தவர்களுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது.

“தப்புன்னு உங்களுக்கே தெரியுதில்ல? அழிச்சுடுங்க.”

“எப்படிம்மா அழிக்கறது? அறிக்கை போயாச்சு, பெரிய சபையில கைதட்டலும் வாங்கியாச்சு. இப்பப் போய்ப் பச்சையைக் குறைச்சா நாட்டு மானம் என்ன ஆகும்? படத்துல காடுன்னா, தரையிலயும் காடா இருந்தாகணும்.”

அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

“சட்டை சிறுத்துப்போனா தையலைப் பிரிச்சுத் தைப்பாங்களா, போட்டுக்கறவன் கையை வெட்டுவாங்களா?”

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு அவளை இன்னும் கிளப்பிவிட்டது.

“எந்தப் பாவி சார் எங்க தெருவுக்குப் பச்சை அடிச்சது? பேரைச் சொல்லுங்க. ஏசியில உக்காந்துக்கிட்டு அடிச்சவன், ஒரு நாளாவது எங்க வாசலை மிதிச்சிருப்பானா?”

தோளில் இருந்த கை இன்னும் இறுகியது. அவள் தட்டிவிடவில்லை.

அதிகாரிக்கு ரோஷம் வந்துவிட்டது. இங்கே யாரும் கண்ணை மூடிக்கொண்டு பச்சை அடிப்பதில்லை என்றார். ஆள் நேரில் போக வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும், பார்த்தேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் ஒரு புள்ளிகூட ஏறாது. படபடவென்று தட்டி ஒரு பக்கத்தைத் திறந்தார்.

நேரில் பார்வையிடப்பட்டது. அடர்ந்த மரங்கள். குடியிருப்பு இல்லை.

கீழே போட்டோ. உயரத்திலிருந்து எடுத்தது. படம் கொள்ளாமல் இலை.

“பார்த்தீங்களா? ஒரு வீடாவது தெரியுதா?” அவர் படத்தைப் பெரிதாக்கினார். “ஓரத்துல பாருங்க, மஞ்சளாப் பூகூடப் பூத்திருக்கு.”

அவள் குனிந்து பார்த்தாள்.

அது பூ இல்லை. கவுனின் கீழ் மடிப்பு. மகளின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு அவளே தைத்தது. மஞ்சள் லேஸ் தீர்ந்துபோய், கடைசி ஒரு சாணுக்கு வெள்ளை லேஸ் வைத்து முடித்திருந்தாள். யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்தாள். அந்த வெள்ளைத் துண்டு உலகம் சுற்றி வந்திருக்கிறது.

அன்றைக்கு மொட்டை மாடியில் கூட்டம். “எல்லாரும் கீழே போங்க, கேக் வெட்டலாம். மரம் அழகா இருக்கு, ஒரே ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துடறேன்” என்று ஒருத்தி மட்டும் நின்றாள். ஆபீசில் அறிக்கைக்குக் கடைசி நாள், உடனே திரும்பிப் போக வேண்டும் என்றாள். குழந்தை மட்டும், சித்தி இல்லாமல் இறங்கமாட்டேன் என்று அவள் காலைக் கட்டிக்கொண்டு நின்றது.

அடுத்த மாதம் வேலை நிரந்தரமானது. முதல் இனிப்பு அக்கா வீட்டுக்குத்தான் வந்தது.

நேரில் போகாத இடத்துக்குச் சின்னவள் கையெழுத்துப் போடமாட்டாள். அவ்வளவு நேர்மை. அதனால்தான் போய் வந்த இடமாகப் பார்த்துப் போட்டிருக்கிறாள்.

“பேரு கேட்டீங்களே,” என்றார் அதிகாரி. “அடுத்த பக்கத்துல இருக்கும். இருங்க.”

தோளில் அந்தக் கை இப்போது இல்லை.

தையல்காரி நோட்டீஸை எடுத்தாள். மேசையின் விளிம்பில் வைத்து, நகத்தால் அழுத்தி அழுத்தி நான்காக மடித்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“பேரு வேண்டாம் சார். நாங்க வீட்டுல பேசிக்கறோம்.”

வீடு என்று ஒன்று இன்னும் இருபத்தாறு நாள் இருக்கும்.