வெயிலில் நின்ற கார்

“வண்டிய ஷெட்டுக்குள்ள தள்றதெல்லாம் வேணாம். இங்கயே வெளிச்சத்துல பாரு!” என்று அதட்டினான் பாண்டுரங்கன்.

மெக்கானிக் ஞானராஜுக்குச் சுருக்கென்றது. திண்டிவனம் ரோட்டில் வெயில் மண்டையைப் பிளந்தது. பக்கத்திலேயே நிழல் இருக்க, நடுவெயிலில் நின்று வேலை பார் என்கிறானே! ஆனால் வந்தவன் முகத்தைப் பார்த்தால் எதிர்த்துப் பேசத் துணிச்சல் வரவில்லை.

“என்னாண்ணே ஆச்சு?”

“ஓடிக்கினு இருந்தது, படக்குனு நின்னு போச்சு. டிஸ்ட்ரிபியூட்டர்ல கண்ணு போயிருக்கும். ஜல்தியா பாரு.”

பாண்டுரங்கனே பானெட்டைத் திறந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிக் காட்டினான். பழைய கார்தான். ஆனால் பிளக்குக்கு நேரம் பார்த்து நெருப்பு அனுப்பும் பிளாட்டினம் பாயிண்ட் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு சின்ன வெளிநாட்டுச் சாமான். ஒரு பக்கம் நம் பார்வைக்குத் தெரியாத ஒளியை விடும் விளக்கு, எதிரே அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும் கண்ணு. நடுவே சுற்றும் தகடு அந்த ஒளியை மறைக்கிற ஒவ்வொரு தடவையும் பிளக்குக்கு நெருப்பு போகும். பாண்டிச்சேரியில் தொழில் பழகியபோது ஒரே ஒரு காரில்தான் இதை ஞானராஜ் பார்த்திருக்கிறான்.

சாவியைப் போடச் சொன்னான். நெருப்பு வரும் காயில் ஒயரை இன்ஜின் இரும்புக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, அந்தக் கண்ணுக்கு முன்னால் அட்டைத் துண்டு ஒன்றை விட்டு எடுத்தான். பொறி பறக்க வேண்டும். பறக்கவில்லை.

பின் சீட்டிலிருந்து பெரியவர் ஒருவர் இறங்கினார். பாண்டுரங்கனின் அக்கா புருஷன், தாண்டவராயன். பெருமுக்கல் பக்கம் நிலபுலன் உள்ளவர்.

“மணி பதினொண்ணு ஆவுதுடா! எனக்குப் பொண்ணுன்னு பொறந்த அந்த ஓடுகாலி பூமாலை விழுப்புரத்துல பன்னெண்டு மணி ரயில் ஏறிட்டா, அப்பறம் எங்க போய்த் தேடுறது? ஒரு டாக்சி புடி.”

“டாக்சிக்காரன் நாளைக்குக் கோர்ட்டுல வந்து சாட்சி சொல்லுவான், பரவால்லியா மாமா? அருவாள வெச்சிக்கினு பஸ்ஸுலயும் போவ முடியாது. புதுக் கண்ணு ஒண்ணு டிக்கியில கெடக்குது. அத மாட்டிட்டா முக்கா மணியில விழுப்புரம்.”

“உனக்குப் பரிசம் போட்ட பொண்ணுடா அவ! உனக்கு ரோஷமே இல்லியா?”

“எனக்கா ரோஷம் இல்ல? மொத வெட்டு என்னுதுதான் மாமா.”

குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள். ஆனாலும் ஞானராஜின் காதில் ஒன்றுவிடாமல் விழுந்தது. புதுக் கண்ணை எடுக்க டிக்கியைத் திறந்தான். சாக்குக்குள்ளிருந்து இரண்டு அரிவாள் பிடிகள் எட்டிப் பார்த்தன.

அடப்பாவிகளா! மாதாவே, இந்த வண்டி ஓடினால் அந்தப் பெண் செத்தாள். ஓடாவிட்டால் நான் செத்தேன்!

பழைய கண்ணைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினான். அட்டையை விட்டு எடுத்தான். ம்ஹூம், பொறியே இல்லை.

“புதுசும் குருடாடா?” என்று கத்தினார் தாண்டவராயன்.

எங்கே தப்பு என்று பார்க்க ஞானராஜ் தலையை நன்றாக உள்ளே விட்டுக் குனிந்தான். அவ்வளவுதான், பாண்டுரங்கன் பாய்ந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தான்.

“தலைய வுட்டு மறைச்சிக்கினா எனக்கு என்னா தெரியும்? தள்ளி நின்னு பண்ணுடா!”

ஒயரைப் பார்த்தான், காயிலைப் பார்த்தான், மாட்டிய கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. இத்தனை வருஷத்தில் கைக்கு வந்த வண்டி ஓடவில்லையே என்று முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டான் ஞானராஜ். வெளியே காட்டிக்கொள்ள முடியுமா?

ரயில் நேரம் தாண்டியது. அதுவரை குதித்துக்கொண்டிருந்த தாண்டவராயன் அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

“போயிட்டாடா. இனி அவ எனக்குப் பொண்ணு இல்ல. தலை முழுகிட்டேன். நான் பஸ்ஸுல ஊருக்குப் போறேன், நீ வண்டிய எடுத்துக்கினு வா.”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்த பஸ்ஸில் ஏறிப் போனார்.

“இப்பவாச்சும் உள்ள தள்ளலாமாண்ணே?” என்றான் ஞானராஜ்.

பாண்டுரங்கன் மறுபேச்சில்லாமல் கூடவே தள்ளினான். ஷெட் நிழலில் ஞானராஜ் அட்டையை விட்டு எடுத்தான். பளிச்சென்று நீலப்பொறி பறந்தது! திகைத்துப்போய், கழற்றி வைத்த பழைய கண்ணை மாட்டிப் பார்த்தான். அதிலும் பறந்தது.

“அண்ணே! ரெண்டுமே நல்ல கண்ணுதான். வெயில் பட்டா கூசிப்போயி, நம்ம அட்ட மறைக்கிறதே அதுக்குத் தெரியல!”

“தெரியும்பா. இத மாட்டுன அன்னிக்கே பட்டுத் தெரிஞ்சிக்கினேன்.”

ஞானராஜ் அட்டையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

“அப்ப, ஓடிக்கினு இருந்த வண்டி எப்படிண்ணே நின்னுச்சு?”

“சாவி என் கையிலதானே இருந்துச்சு? அணைச்சேன், நின்னுச்சு.”

பாண்டுரங்கன் ஞானராஜின் கசங்கிய காலரை நீவிவிட்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

“சட்டைய புடிச்சதுக்கு மன்னிச்சிக்கப்பா. காலையில பூமாலைய விழுப்புரம் பஸ்ஸுல ஏத்திவுட்டதே நான்தான்.”